மண் தெரியாத கொல்லை

அரியலூரில் அந்த மஞ்சள் பூக்கொடியை வீட்டில் வைத்து முதன்முதலாக வளர்த்தவன் நான்தான். சிமெண்டு ஆலை கெஸ்ட் ஹவுஸில் இருந்ததைக் கணக்கில் சேர்க்கக் கூடாது. அது ஆலைத் தண்ணீரில், சம்பளத்துக்கு ஒருத்தர் வளர்த்தது. நான் வளர்த்தது, சித்திரை மாதம் குடிதண்ணீருக்கே குடத்தோடு அலைகிற தெருவில், சொந்தக் கையால். சுவருக்குச் சுவர், கொல்லை முழுக்க, ஒரு கைப்பிடி மண் கண்ணில் படாமல் வளர்த்தேன். ஆபீசர் வீட்டு அம்மாக்கள்கூட வந்து பார்த்துவிட்டுப் போனார்கள்.

பூவுக்காக வளர்க்கிறான் என்று ஊர் நினைத்தது. ஊர் அப்படி நினைக்க வேண்டும் என்றுதான் வளர்த்தேன்.

நான் படித்தது மூன்றாம் வகுப்பு. அப்பா பாடாலூர்ப் பக்கம் ஒரு பண்ணையில் ஆள். அவருக்குச் சொந்தம் என்று இருந்தது ஒரு துண்டும் ஒரு அரிவாளும்தான். மீசை முளைக்கும் முன்பே நான் அரியலூருக்கு வந்து சுண்ணாம்புக்கல் குவாரியில் சம்மட்டி பிடித்தேன். கல் உடைக்கிறவன், பிறகு குழி போடுகிறவன், பிறகு வேட்டு வைக்கிற மேஸ்திரி, பிறகு சொந்தமாக ஒரு லாரி, பிறகு குவாரிக் காண்டிராக்டு. யாரும் கைதூக்கி விடவில்லை. பாறைமேல் ஏறி நின்று குதிகாலால் இரண்டு தட்டுத் தட்டினால் போதும், உள்ளே எது கல், எது மண், எந்தப் பக்கம் பிளக்கும் என்று சொல்லிவிடுவேன். சொல்லித் தப்பியதில்லை. இன்றைக்கும் பழைய ஆட்கள் யாரையாவது கேட்டுப் பாருங்கள்.

எழுபதுகளின் தொடக்கத்தில் ரெட்டிபாளையம் போகிற ரோட்டோரம் மனை வாங்கி வீடு கட்டினேன். அகலம் குறைந்த, நீளமான மனை. இரண்டு பக்கமும் அடுத்த வீட்டுச் சுவர். படியிறங்கினால் ரோடு. முன்னறைக்கு மொசைக் போட்டேன். அந்த ரோட்டில் மொசைக் தரை முதலில் வந்தது என் வீட்டுக்குத்தான். லாரி டிரைவர்களும் காண்டிராக்டர்களும் அந்த அறையில் உட்காரும்போது காலைத் தூக்கிக்கொண்டு உட்காருவார்கள், தரை அழுக்காகிவிடுமே என்று. எனக்கு அதைப் பார்க்கப் பார்க்கத் திகட்டாது. வீட்டுக்குப் பின்னால் கொல்லை. ஓடைமுள் வேலி. ஒரு துணி துவைக்கிற கல். அவ்வளவுதான்.

குடிபோன மறுவருஷம் தலைச்சன் பையன் பிறந்தான். தொட்டில் போட்டுப் பெயர் வைக்க நாள் குறித்திருந்தோம். அதற்குள் காய்ச்சல் கண்டு, இழுப்பு வந்து, ஒரு பகல்பொழுதில் போய்விட்டான்.

எங்கள் பக்கம் பச்சைப் பிள்ளைகளை எரிப்பதில்லை, புதைப்பார்கள். அதுவும் தலைச்சன் ஆண்பிள்ளை என்றால் சுடுகாட்டில் புதைக்கப் பயப்படுவார்கள். மை வைக்கிற மந்திரவாதிகள் தோண்டி எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள், தலைச்சன் மண்டையோட்டில் வைத்த மைக்குத்தான் பலம் அதிகம் என்று பேச்சு. அப்படித் தோண்டினவனை நான் பார்த்ததில்லை. பயந்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். புதைத்த இடத்தில் நாற்பது நாள் காவல் உட்கார்ந்த அப்பன்மார்களைப் பார்த்திருக்கிறேன்.

என் மாமியார் என்னைக் கூப்பிட்டு, வாயை முந்தானையால் மூடிக்கொண்டு சொன்னார்:

"மாப்ள, காட்டுல கொண்டுபோயி வைக்காதீங்க. எவன் கண்ணு வச்சிருக்கானோ. கொல்லையிலயே வச்சிடுங்க. எம் பொண்ணு கண்ணு முன்னாடி கெடக்கட்டும்."

எதற்கும் எதிர்ப்பேச்சு வைத்திருக்கிறவன் நான். அன்றைக்குச் சரி என்று எழுந்தேன். பொழுது சாயும் நேரத்தில் நானே மண்வெட்டி எடுத்தேன். பிள்ளை பெற்ற உடம்பு என்று என் மனைவியை வெளியே விடவில்லை. பின்னறைச் சன்னல் கம்பியைப் பிடித்தபடி படுக்கையில் கிடந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

மூடிய பிறகுதான் தெரிந்தது வம்பு. எங்கள் மண் மேலே கரிசல், முழங்கால் ஆழத்துக்குக் கீழே சுக்கான், வெள்ளை வெளேரென்று சுண்ணாம்பு. தோண்டினால் வெள்ளை மேலே வந்துவிடும். அவ்வளவு பெரிய கறுப்புக் கொல்லையில் ஒரு குழந்தை படுக்கிற அளவுக்கு வெள்ளையாக ஒரு இடம். வேலிக்கு அந்தப் பக்கம் மாடு மேய்க்கிறவனுக்குக்கூடத் தெரியும். கரிசல் அள்ளிக் கொட்டினேன். ஒரு மழை, கழுவிக்கொண்டு போய்விட்டது. விளக்குமாற்றால் பெருக்கினேன். வெள்ளை இன்னும் அகலமாகப் பரவியது.

மாமியார் ஊருக்குப் போகும்போது எங்கள் இரண்டு பேரையும் நிற்க வைத்துச் சொன்னார்:

"எந்த எடம்னு வாயால சொல்லக் கூடாது. நீங்க ரெண்டு பேரும்கூடப் பேசிக்கக் கூடாது. பேச்சு காத்துல போயிடும். கல்லு வைக்காதீங்க, வெளக்கு ஏத்தாதீங்க. அடையாளம்னு ஒண்ணு இருந்தாத்தான அடுத்தவன் வருவான்."

சரி என்றோம். அந்தச் சொல்லை இரண்டு பேரும் காப்பாற்றினோம். அதில் குறை வைக்கவில்லை.

என் மனைவிக்கு மார் கட்டிக்கொண்டது. பாலைக் கொட்டாங்கச்சியில் பீய்ச்சிக் கொண்டுபோய் அந்த வெள்ளையில் ஊற்றிவிட்டு வருவாள். அழமாட்டாள். கோலம் போட்டுவிட்டு வருகிறவள் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு வருவாள். பால் நின்ற பிறகும் போனாள். வெறும் கொட்டாங்கச்சியோடு போய்க் குனிந்து நின்றுவிட்டு வருவாள். சோறு வேகும்போது பாதியில் எழுந்து கொல்லைக் கதவைத் திறந்து பார்ப்பாள். ஒரு நாள் விடிகாலையில் குடுகுடுப்பைக்காரர் ஒருவர் தெருவில் வந்தார். மை வைக்கிறவர் என்று ஊரில் பேச்சு; பாவம், அவர் அரிசிக்கு வந்தவர். இவள் கொல்லையில் போய் அந்த இடத்தின் மேல் புடவையை விரித்துச் சப்பணமிட்டு உட்கார்ந்துவிட்டாள். அவர் போய், வெயில் ஏறி, நான் கெஞ்சியும் எழுந்திருக்கவில்லை.

அதைவிட மோசம் வேட்டு. குவாரியில் மத்தியானம் வேட்டு வைப்போம். சங்கு ஊதும், ஆட்கள் ஒதுங்குவார்கள், பிறகு பூமி ஒரு தரம் தூக்கிப் போடும். என் வீட்டுப் பாத்திரங்கள் அலமாரியில் கிலுகிலுக்கும். வேட்டு வைக்கச் சொல்லிக் கையாட்டுகிறவன் நான். சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் கேட்பாள்:

"இன்னிக்கு ரொம்பப் பெருசா வச்சீங்களோ?"

"ஏண்டி?"

"முழிச்சுக்குவான்."

நான் செருப்பைக்கூடக் கழற்றாமல் நிற்பேன்.

ஆலை கெஸ்ட் ஹவுஸுக்கு ஜல்லி அடிக்கிற வேலை எனக்குக் கிடைத்தது. அங்கேதான் அந்தக் கொடியைப் பார்த்தேன். சரிவான மேட்டில் பாய் விரித்தது போலக் கிடந்தது. இலை தடித்து, பளபளவென்று, வாத்துக் கால் மாதிரி மூன்று பிரிவாக. மேலே குட்டிச் சூரியகாந்தி மாதிரி மஞ்சள் பூ. சிமெண்டுத் தூசி மற்ற செடிகளையெல்லாம் சாம்பலாக அடித்திருந்தது. இது மட்டும் தூசியையும் குடித்துவிட்டுப் பச்சையாகக் கிடந்தது. எனக்குப் பூ கண்ணில் படவில்லை. நான் குனிந்து இலையை விலக்கி விலக்கி மண் தெரிகிறதா என்று பார்த்தேன். தெரியவில்லை.

தோட்டக்காரர் பெரம்பலூர்ப் பக்கத்துக்காரர், வயசாளி. ஓஸ் பைப்பைக் கீழே போட்டுவிட்டு வந்தார்.

"என்னங்க காண்டிராக்டரே, காசு கீசு தொலைச்சிட்டீங்களா?"

"இது என்ன செடிங்க?"

"தொரை என்னமோ இங்கிலீசுல சொல்வாரு. நாங்க மஞ்சப்பூக் கொடிம்போம். இது செடி இல்லைங்க, வெள்ளம். ஒரு தண்டு போட்டாப் போதும், கணுவுக்குக் கணு வேர் வுட்டு ஓடும். வூட்டுல வச்சிடாதீங்க, வூட்டையே முழுங்கிடும்."

"முழுங்கணும்."

அவர் சிரித்தார். "பொண்டாட்டி மேல கோவமா?"

நான் சிரிக்கவில்லை. அவரும் நிறுத்திக்கொண்டார். என் முகத்தில் என்ன கண்டாரோ தெரியாது. மறுநாள் லாரியில் போனபோது, ஈரச் சாக்கில் சுற்றி நாலு கட்டு தண்டு தயாராக வைத்திருந்தார். காசு கொடுத்தேன், வாங்கவில்லை. "மொதல்ல நெழலு குடுங்க. வேரு புடிச்சப்பறம் அது உங்களக் கேக்காது" என்று மட்டும் சொன்னார்.

நானும் அவளும் நட்டோம். அவள் தண்டை ஒரு சாண் நீளத்துக்குக் கிள்ளுவாள். அடியிலைகளை உருவிவிட்டு, இரண்டு கணு மண்ணுக்குள் போகிற மாதிரி சாய்த்து ஊன்ற வேண்டும். நேராகக் குத்தினால் ஒரே இடத்தில் நின்றுவிடும், சாய்த்தால்தான் ஓடும். இது நானாகக் கண்டுபிடித்தது. மேலே பனையோலை பரப்பினேன். குளிக்கிற தண்ணீர், அரிசி களைகிற தண்ணீர், பாத்திரம் கழுவுகிற தண்ணீர் எல்லாம் கொல்லைக்குத்தான். கோடையில் அதுவும் பற்றவில்லை. குவாரிக் குழியில் தேங்கின பச்சைத் தண்ணீரைப் பீப்பாயில் பிடித்து என் லாரியிலேயே கொண்டுவந்து ஊற்றினேன். தெருக்காரர்கள், "குடிக்கத் தண்ணியில்லே, பூவுக்கு லாரித் தண்ணியாம், பணம் பண்ற வேலையைப் பாரு" என்றார்கள். நான் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, "ஆமாய்யா, பணந்தான் பண்ணுது" என்றேன்.

அந்த வெள்ளை இடத்துக்கு மேல் நட்டபோது மட்டும் நாங்கள் ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை. மற்ற இடத்தை விட அங்கே நெருக்கி நட்டால் அதுவே அடையாளமாகிவிடும் என்று எனக்குத் தெரியும். அவளுக்கும் தெரியும். எங்கும் போலவே ஒரு சாண் இடைவெளி விட்டு நட்டோம்.

ஐப்பசி மழையில் கிளம்பியது. தண்டுக்குத் தண்டு கைகோத்து, தை மாதம் வரும்போது கொல்லையில் மண் இல்லை. பச்சை, அதன்மேல் மஞ்சள். வெள்ளை போய்விட்டது. அவள் கொல்லைப்படியில் நின்று வெகுநேரம் பார்த்தாள். அன்று இரண்டாம் தடவை சோறு போட்டுச் சாப்பிட்டாள். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு.

சாதித்துவிட்டேன் என்று நினைத்தேன். ஒரு வகையில் சாதித்ததுதான். அரியலூர் மண்ணில் அப்படி ஒரு பச்சையை யார் உண்டாக்கியிருக்கிறார்கள்? ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். அந்தப் பச்சை சும்மா இருக்காது. காற்று இல்லாத நேரத்திலும் அதற்குள் ஏதாவது ஓடிக்கொண்டிருக்கும், ஓணானோ எலியோ. ஒரு கோடியில் இலை அசையும், அசைவு மெல்ல நகர்ந்து நடுவில் வந்து நிற்கும். வேட்டு வெடித்தால் பூவெல்லாம் ஒரே சமயத்தில் தலையை ஆட்டும். ஞாயிற்றுக்கிழமை வேட்டு கிடையாது. வீட்டில் இருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை பகலில் பூக்கள் அப்படி ஆடியதைப் பார்த்தேன். வேறு எவனோ எங்கேயோ கிணற்றுக்கு வெடி வைத்திருப்பான். அப்படித்தான் இருக்கும்.

அடுத்த வீட்டு அக்கா சுவருக்கு மேலே தலையை நீட்டி, "ஏம்மா, இம்மாம் பொதரு வச்சிருக்க, பாம்பு அடையப் போவுது" என்றார்.

"இருந்தா இருக்கட்டுங்க்கா, காவலுக்கு ஆச்சு" என்றாள் இவள்.

அக்கா கேலி என்று எடுத்துக்கொண்டார். "எனக்கும் ரெண்டு தண்டு குடேன்."

"தண்டு மட்டும் கேக்காதீங்க."

யாருக்கும் ஒரு தண்டு கொடுத்ததில்லை. ஆபீசர் வீட்டு அம்மா கேட்டபோதும் கொடுக்கவில்லை. அந்த அம்மாவின் புருஷன் கையெழுத்துப் போட்டால்தான் எனக்கு வேலை. அப்படியும் கொடுக்கவில்லை. வேர் எதைத் தொட்டுவிட்டு வந்திருக்கும் என்று யாருக்குத் தெரியும் என்பாள் என் மனைவி.

பிறகு மகள் பிறந்தாள். தவழ்ந்தாள், நடந்தாள். கொல்லைப்படியைத் தாண்டவிடமாட்டாள் அம்மாக்காரி. வேலியை எடுத்துவிட்டுக் கல்லில் சுவர் வைத்தேன். சாக்கடைக்குச் சிமெண்டு போட்டேன். துவைக்கிற கல்லைத் தள்ளி நகர்த்தி, மேடையாகக் கட்டினேன். பின்னறைச் சன்னலைப் பெரிசாக்கி, புதுக் கம்பி வைத்தேன். இரண்டாவது லாரி வந்தது. வசதி வர வர வீடு மாறிக்கொண்டே வந்தது. கொல்லை மட்டும் அப்படியே கிடந்தது.

எண்பதுகளின் நடுவில் மகள் பெரிய மனுஷியானாள். அதுவரை எங்கள் ரோட்டில் எல்லாரும் கருவேலங்காட்டுக்குத்தான் ஒதுங்கப் போவார்கள். அந்தக் காட்டைக் குவாரி தின்றுகொண்டே வந்தது. காடு இருந்த இடத்தில் லாரி ரோடு வந்தது. அம்மாவும் மகளும் விடியும் முன்னே போனால், லாரி விளக்கு மேலே விழும், எழுந்து நிற்பார்கள். எவனோ ஒரு கிளீனர் சீழ்க்கை அடித்திருக்கிறான். அதிலிருந்து மகள் சாயங்காலத்துக்கு மேல் தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிட்டாள். சாப்பாடு பாதியானது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு பள்ளிக்கூடத்திலிருந்து திரும்பி வந்தாள்.

என்னைப் போன்ற லாரிக்காரர்களின் உலகம் அது. அங்கே என் மகளுக்கு ஒதுங்க இடமில்லை. கக்கூஸ் கட்டியே ஆக வேண்டும். தொட்டி தோண்ட வேண்டும். தோண்ட இடம் என்றால் கொல்லை ஒன்றுதான். முன்னால் ரோடு, இரண்டு பக்கமும் சுவர்.

கொத்தனார் வந்து கொல்லைப்படியில் நின்றார்.

"எந்த எடம்னு சொல்லுங்க மொதலாளி, நூல் புடிச்சிடலாம்."

"பின்சுவர்ப் பக்கம் வேண்டாம்" என்றேன் நான்.

"தொவைக்கிற மேடைப் பக்கம் வேணாம்" என்றாள் அவள், அதே நேரத்தில்.

கொத்தனார் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். "அந்தப் பக்கமும் ஆவாது, இந்தப் பக்கமும் ஆவாதுன்னா, தொட்டிய ஆகாசத்துலயா கட்டுறது?"

அவரை டீ குடிக்க அனுப்பினேன். அவள் என்னைப் பார்த்த பார்வை எனக்குப் பிடிக்கவில்லை.

"பின்செவுத்துகிட்ட என்னங்க இருக்கு?"

"என்னடி கேக்குற? அங்கதானடி வச்சேன்."

"கல்லுகிட்டத்தான வச்சீங்க. சன்னல்ல பாத்துக்கிட்டே கெடந்தேனே."

"தோண்டுனவன் நான்."

"பெத்தவ நான்."

பத்துப் பன்னிரண்டு வருஷமாக அந்தப் பேச்சே பேசாதவர்கள். அன்றைக்கு முதல் தடவையாகப் பேசினோம். அவள் ஒவ்வொரு நாளும் கால் படாமல் சுற்றிப் போன இடம் ஒன்று. நான் பார்க்காமல் பார்த்துக்கொண்டிருந்த இடம் வேறு ஒன்று.

"எத வச்சுடி சொல்ற?"

"சன்னலுக்கு மூணாங் கம்பிக்கு நேரா, கல்லுக்கு இந்தாண்ட."

"கல்லத்தான் நகத்திட்டமேடி, சாக்கடை போட்டப்ப. கம்பி புதுக் கம்பி."

மேடையைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்: "நீங்க எத வச்சுச் சொல்றீங்க?"

"வேலிலேருந்து ரெண்டு எட்டு."

"வேலி இருந்த எடத்துலயா செவுரு வச்சீங்க?"

இல்லை. பின்பக்க மனைக்காரரோடு தகராறு வேண்டாம் என்று சுவரைத் தள்ளித்தான் வைத்தேன். எவ்வளவு தள்ளி என்று எனக்கு நினைவில்லை.

பேசக் கூடாது என்று சொன்னார்கள், பேசவில்லை. அடையாளம் வைக்கக் கூடாது என்றார்கள், வைக்கவில்லை. ஊரான் கண்ணிலிருந்து மறைத்தோம். அவ்வளவு ஒழுங்காக மறைத்ததில் எங்கள் கண்ணிலிருந்தும் போய்விட்டது.

அவள் கொடியைப் பார்த்தாள். "வெள்ளை இருக்குமுல்ல. உரிச்சுப் பாத்தா அடியில வெள்ளை இருக்கும்."

அது சரி என்று பட்டது. பின்சுவர்ப் பக்கம் நான் தொடங்கினேன், மேடைப் பக்கம் அவள். கொடி பாய் மாதிரி சுருண்டு சுருண்டு வந்தது. அடியில் எவ்வளவு கனம் என்கிறீர்கள்! வேரும் மக்கின இலையுமாக ஒரு சாண் தடிமன். பூரான் ஓடியது. நத்தை ஓடு கிடந்தது. பாம்புச் சட்டை ஒன்று, கிழியாமல் முழுசாக. வெயிலே படாத மண்ணின் வாசனை, அடைத்து வைத்த அறையைத் திறந்தது போல வந்தது. மண் கறுப்பு. காப்பித்தூள் மாதிரி, எங்கும் ஒரே கறுப்பு. அவள் உரித்த இடத்திலும் கறுப்பு. வெள்ளையை இந்தக் கொடி வருஷக்கணக்காகத் தின்று தின்று இலையாகவும் பூவாகவும் ஆக்கிவிட்டிருந்தது. நடுக்கொல்லை வரைக்கும் உரித்தோம். ஒரு நகக்கண் அளவு வெள்ளைகூட இல்லை.

நான் உரித்த மண்ணில் ஏறி நின்று குதிகாலால் தட்டினேன். என்னை அறியாமல் வந்த பழக்கம். ஆயிரம் பாறையைத் தட்டிக் கேட்டவன். எல்லா இடத்திலும் ஒரே சத்தம்தான் வந்தது. இன்னும் ஓங்கித் தட்டினேன்.

"தட்டாதீங்க" என்றாள். "முழிச்சுக்குவான்."

மகள் கொல்லைப்படியில் நின்றுகொண்டிருந்தாள். எவ்வளவு நேரமாக நின்றாளோ. "யாரும்மா முழிச்சுக்குவாங்க?"

அவளிடம் அதுவரை சொன்னதில்லை. அம்மாக்காரி மண்ணில் உட்கார்ந்தபடியே சொன்னாள், ஒரே மூச்சில், ஏதோ கடைக்குப் போய் வந்ததைச் சொல்வது போல. உனக்கு மூத்தவன் ஒருத்தன். இங்கேதான் இருக்கிறான். எங்கே என்று தெரியவில்லை.

மகள் கொல்லையைப் பார்த்தாள். உரித்த கறுப்பையும் உரிக்காத பச்சையையும் பார்த்தாள். படியிலிருந்து ஒரு படி பின்வாங்கினாள்.

"எனக்கு வேணாம்ப்பா. கக்கூஸ் வேணாம். நான் காட்டுக்கே போயிக்கிறேன்."

அந்தப் பிள்ளை அதைச் சொல்லிவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு உள்ளே போனதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். தோண்டினால் கடப்பாரை எதில் இறங்குமோ. தோண்டாவிட்டால் இவள் இப்படியே வற்றிப்போவாள். இரண்டும் என் பிள்ளைகள். ஒருத்தனுக்குப் பெயரில்லை, இருக்கிற இடமும் இல்லை. ஒருத்திக்கு ஒதுங்க இடமில்லை.

கொத்தனார் டீ குடித்துவிட்டுத் திரும்பி வந்தார். "முடிவு பண்ணியாச்சுங்களா?"

நான் முன்னறைக்குப் போனேன். பின்னறை கொல்லையை ஒட்டியது, அந்த முன்னறை மட்டும்தான் எனக்கு உறுதி. அவன் பிறக்கும் முன்பே கடைக்கால் தோண்டி, கல் போட்டு, தரை போட்ட இடம். அதற்கு அடியில் அவன் இல்லை. மேசை நாற்காலிகளை ரோட்டில் எடுத்துப் போட்டேன். கடப்பாரையை வாங்கி, அறையின் நடுவில், மொசைக்கில் ஓங்கி ஒன்று போட்டேன். கண்ணாடி மாதிரி விண்டது.

கொத்தனார் கையிலிருந்த நூலைக் கீழே போட்டார்.

"மொதலாளி, வாசல்லயா கக்கூஸு? மனையடி சாஸ்திரம்னு ஒண்ணு இருக்குதுங்க. இந்த ஜில்லாவுலயே எவனும் கட்டினதில்ல."

"அப்ப நான்தான் மொதல்ல."

"ஊரு சிரிக்குங்க."

"பல்லு இருக்கிறவன் சிரிக்கட்டும். நூலைப் புடிய்யா."

ஊர் சிரித்தது. நன்றாகவே சிரித்தது. ரோட்டைப் பார்த்துக் கக்கூஸ் கட்டின காண்டிராக்டர் என்று பெயர் வந்தது. என் வீட்டுக்கு வழி கேட்டால், "நேராப் போங்க, வாசல்லயே மூக்கு காட்டும்" என்று பஸ் ஸ்டாண்டு வரைக்கும் சொன்னார்கள். என்னோடு கூட்டாக வேலை எடுத்தவர்கள், "என்னண்ணே, வர்றவங்கள ஒக்கார வைக்கிற ரூம்புல தொட்டி கட்டிட்டீங்களாமே, எங்கள எங்க ஒக்கார வைப்பீங்க?" என்று கேட்டார்கள். ரோட்டுக்கு எதிர்ப்பக்கம் இருந்த மரத்தடியில் உட்கார வைத்தேன். காண்டிராக்டுப் பேச வந்த ஆபீசரையும் மரத்தடியில்தான் உட்கார வைத்தேன். ஒருத்தருக்கும் காரணம் சொல்லவில்லை. என் கௌரவம் அந்த மொசைக்கில் இருந்தது என்று எண்ணினவர்களுக்கு நான் யார் என்று தெரியாது.

கட்டி முடிந்து கதவு மாட்டின அன்று, மகள் சாயங்காலம் இரண்டு சொம்பு தண்ணீர் குடித்தாள். நான் எண்ணிக்கொண்டிருந்தது அவளுக்குத் தெரியாது.

கொல்லையில் பாதி, உரித்தது உரித்தபடி கறுப்பாகக் கிடந்தது. முதல் மழை பெய்த மறுநாள் காலையில் என் மனைவி கொடியைக் கிள்ளிக் கட்டுக் கட்டாகப் படியில் வைத்துவிட்டு, அந்தக் கறுப்பின் நடுவில் போய்க் குந்தி உட்கார்ந்தாள். இத்தனை வருஷமும் ஒரு இடத்தைச் சுற்றிச் சுற்றி நடந்தவள். இப்போது சுற்றிப் போக இடம் ஏது? கொல்லை முழுக்க அவன்தான். தண்டைச் சாய்த்து ஊன்றிக்கொண்டே வந்தாள்.

"அந்தத் தண்டுக் கட்டை எடுத்துட்டு வாங்க" என்றாள், திரும்பாமல்.

கட்டை எடுத்துக்கொண்டேன். கடைசிப் படியில் நின்றுவிட்டேன். வேட்டுக்குழி விளிம்பில் எத்தனையோ தரம் நின்ற கால், இறங்க மறுத்தது.

"எங்கடி கால வைக்கிறது?"

அவள் மண்ணிலிருந்து தலை தூக்கி என்னைப் பார்த்தாள்.

"எங்க வச்சாலும் மெதுவா வைங்க."

செருப்பைப் படியில் விட்டுவிட்டு இறங்கினேன்.